மார்கழி முகூர்த்தம்

போன் அலறியது!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட். காலை ஒன்பதே கால். டிபன் கடையில் பதினோராவது தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த பொன்னி, போனை எடுத்தாள்.

"அக்கா... பெங்களூரு பஸ்ஸு... மஞ்ச சுடிதாரு... நிறுத்துக்கா..."

கிசுகிசுப்பு. பெண் குரல். கட்!

பொன்னிக்கு முதுகு சில்லிட்டது. தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு ஒருவருக்கு முதுகு சில்லிடுவது சாதாரண விஷயமில்லை.

"மேரி! கல்ல ஆஃப் பண்ணு!"

பார்ட்னர் லூர்துமேரி முறைத்தாள். "தோசைய யாரு திருப்புவா?"

"தோசை நிக்கும். பஸ்ஸு நிக்காது. வாடி!"

ஏழு வருடங்களுக்கு முன் 'மில்லுல வேலை' என்று விற்கப்பட்டவர்கள் இருவரும். மீட்கப்பட்டு, ஒருத்தியை ஒருத்தி தூக்கி நிறுத்தி, இந்தக் கடையைப் போட்டார்கள். மாதம் ஒரு பள்ளிக்கூடம் போய், கடை நம்பரைப் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார்கள்.

பெங்களூரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. படியருகே மஞ்சள் சுடிதார். பதினாறு வயதிருக்கும். ஒரு கையில் ரோஸ்மில்க். இன்னொரு கை... ஒரு வெள்ளைச் சட்டைக்காரனின் பிடியில்!

அன்று பொன்னியை விற்றவன் வாங்கிக் கொடுத்ததும் ரோஸ்மில்க்தான்.

"எங்கண்ணா போறீங்க?" என்றாள், தேனொழுக.

"பெங்களூர்ல கல்யாணம்மா. இது அண்ணன் பொண்ணு, புனிதா."

புனிதா கையை உருவப் பார்த்தாள். பிடி இறுகியது.

"கல்யாணம் என்னைக்கு?"

"நாளைக்கு."

"மார்கழியிலயா?"

வெள்ளைச் சட்டைக்காரன் சீனுவாசன் விழித்தான்.

அவனுக்கு ஆள் விற்கும் புரோக்கர் தொழிலில் பன்னிரண்டு வருட அனுபவம். காலண்டர் பார்ப்பதில்தான் அனுபவம் போதாது.

"அது வந்து... வேதக்காரங்க வீட்டுக் கல்யாணம்!"

லூர்துமேரி தோசைக் கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"எந்த சர்ச்சுண்ணா? கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு வாரம் எங்க சாமியாரு கல்யாணம் வெக்க மாட்டாரே! எங்க அக்கா அழுதே பாத்துட்டா. மசியல!"

கூட்டம் சேர்ந்தது. சீனுவாசன் சட்டென்று குரலை உயர்த்தினான்.

"ஐயோ! புள்ள புடிக்கிறாளுங்க! எங்க வீட்டுப் பொண்ணக் கடத்தப் பாக்குறாளுங்க!"

கூட்டம் அப்படியே பொன்னி பக்கம் திரும்பியது! ஒருவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அந்த இடைவெளியில் சீனுவாசன் புனிதாவைப் படியில் ஏற்றினான். டிரைவர் கியர் போட்டார்.

லூர்துமேரி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வுடு வண்டிய! எம்மேல ஏத்திக்கினு போ, பாக்கலாம்!"

டிரைவர் கரண்டியைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

எஸ்.ஐ. அறிவுச்செல்வன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு?"

"எனக்குப் போன் வந்துச்சு சார். இந்தப் பொண்ண நிறுத்தச் சொல்லி."

"யாரு பண்ணாங்க?"

"தெரியாது சார்."

சீனுவாசன் சிரித்தான். "கதை வுடுறா சார். ஜல்தி அனுப்புங்க, முகூர்த்தத்துக்கு நேரமாவுது."

பொன்னி போனை எடுத்தாள். வந்த நம்பரைத் திருப்பி அழுத்தினாள்.

சீனுவாசனின் சட்டைப் பாக்கெட்டுக்குள்... பக்திப் பாட்டு பாடியது!

புனிதா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"நான்தான் சார் பண்ணேன். அம்மாகிட்ட பேசிக்கிறேன்னு இவரு போன வாங்குனேன். ரோஸ்மில்க்குக்குச் சில்லற தேடிக்கினு இருந்தாரு... பள்ளிக்கூடத்துல ஒப்பிச்ச அக்கா நம்பரப் போட்டுட்டேன். என் போனு, ஆதாரு எல்லாம் இவருகிட்டதான் இருக்கு."

"இவரு யாரு உனக்கு?" என்றார் எஸ்.ஐ.

"இவரு எனக்கு யாருமே இல்ல சார். துணிக்கடை வேலன்னு ஒலக்கூர்லருந்து கூட்டிக்கினு வந்தாரு. கேட்டா கல்யாணம்னு சொல்லு, கத்துனா தம்பியத் தூக்கிடுவேன்னாரு. மார்கழில கல்யாணம்னா எனக்கே டவுட்டு வராதா சார்?"

புனிதாவின் மணிக்கட்டு விடுபட்டது. சீனுவாசனின் மணிக்கட்டு எஸ்.ஐ.யிடம் போய்ச் சேர்ந்தது.

பொன்னி அந்த ரோஸ்மில்க்கை வாங்கி ஓரமாகக் கொட்டினாள். "மொதல்ல அம்மாவுக்குப் பேசு. அப்புறம் சாப்புடு. ஸ்டேஷனு, கோர்ட்டு... எத்தன வாட்டி கூப்பிட்டாலும் நான் கூட வர்றேன்."

புனிதா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, "ரெண்டு தோசைக்கா" என்றாள்.

ஜீப்பில் ஏறும்போது சீனுவாசன் முனகினான். "நேரமே சரியில்ல..."

லூர்துமேரி கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மார்கழில கல்யாணந்தான் கூடாதுண்ணா... கைது பண்ணலாம்!"