ஐந்தாவது ஆள்

திரையில் தன் கப்பலுக்கு டிரைவர் எடுத்தது நான்கு மாலுமிகளை. பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது வரியில் பெயர் இல்லை. 'சும்மா இருக்கிறார்' என்று மட்டும் போட்டிருந்தது.

இருபது வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவருக்கு, லீவு நாளில் மைத்துனன் கணினியில் போட்டுக்கொடுத்த இந்த விண்கப்பல் விளையாட்டு மட்டும் வசப்படவே இல்லை. மத்தியானத்திலிருந்து ஆறு சண்டை, ஆறும் தோல்வி. பீரங்கியைக் குறிவைத்தால் கவசம் போகிறது, கவசத்தைப் பார்த்தால் இயந்திர அறை எரிகிறது, மாலுமிகள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருக்கிறது. அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"கன்ட்ரோலே சரியில்ல," என்றார்.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்," என்றாள் மனைவி, ஹாலில் துணி மடித்தபடி.

அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் தானியங்கிக்கு விட்டார். சும்மா இருப்பவர் யாராயிருந்தாலும் வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டது திரை. சரி. தீப்பிடித்தால், உள்ளே ஆள் இருந்தாலும் அறையைப் பூட்டிக் காற்றை வெளியேற்றலாமா? அதற்கும் சரி.

"கூப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி ஹாலிலிருந்து.

"இல்லையே."

"யாரோ எழுந்திருன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

ஏழாவது சண்டை. முதல் குண்டிலேயே இயந்திர அறை பற்றிக்கொண்டது. திரையில் ஐந்தாவது புள்ளி அதை நோக்கி நகர, அதே நேரம் ஹாலில் செருப்புச் சத்தம் ஒரே சீராக, அவசரமே இல்லாமல் சமையலறைப் பக்கம் போனது, கருகிய ஒயர் வாடை ஒன்று மூக்கில் ஏறியது, சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது.

"என்னங்க, கதவு திறக்க மாட்டேங்குது."

ஓடினார். கைப்பிடி சில்லிட்டிருந்தது, அசையவில்லை. தோளால் இடித்தார். உள்ளே காற்றை எதுவோ உறிஞ்சும் சத்தம்.

திரும்ப ஓடிவந்து தானியங்கியை நிறுத்தப் பார்த்தார். சண்டை முடியும்வரை மாற்ற முடியாது என்றது திரை. ஐந்தாவது வரியில் மூச்சு எழுபது.

ஜெயித்தாக வேண்டும். தெரியாத ஆட்டத்தை, இப்போதே. சுட்டார். தவறியது. மூச்சு நாற்பது. கதவைத் தட்டும் சத்தம் மெலிந்தது. சுட்டார். பட்டது. இருபது. எதிரியின் கவசம் போனது. பத்து. தட்டும் சத்தம் நின்றது. சுட்டார்.

வெற்றி.

சமையலறைக் கதவு தானாகத் திறந்தது.

அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கூந்தலெல்லாம் உறைபனி. முதுகு ஏறி இறங்கவில்லை. விரல்கள் மட்டும், நகம் பிய்ந்த விரல்கள், வெறும் சுவரில் எதையோ திருகிக்கொண்டே இருந்தன.

"முடிஞ்சுது," என்றாள், திரும்பாமல். "அடுத்து என்ன வேலை?"