இடைவேளைக்குப் பிறகு விரல் இருக்காது!

ஒப்பனை அறையில் போன் அலறியது.

கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்த இபிடுன் கோக்கர் எடுத்தாள்.

"ஹலோ..."

"இடைவேளைக்குப் பிறகு அந்தப் புதுசை வாசிச்சே... உன் விரல் உன் கையில இருக்காது!"

கட்!

மை காதுவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

இபிடுன்! லாகோஸில் பணக்காரக் கல்யாணம் என்றால் பியானோ அவள்தான். வருஷக்கணக்காக ஜோலோஃப் சோற்று மணத்தோடு வாசித்தவளுக்கு இன்றுதான் முதல் பெரிய மேடை. முதல் பாதி பீத்தோவன். இரண்டாம் பாதி, பேராசிரியர் அடேகுன்லே எழுதிய புத்தம்புது இசை. அதைக் கேட்கவே கேப் டவுன் இசை விழாவிலிருந்து மிஸஸ் ஜூபர்ட் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குப் பிடித்துவிட்டால் உலக மேடை. பிடிக்காவிட்டால்... மறுபடியும் கல்யாணச் சோறு!

போலீஸுக்குத் தகவல் போனதும் இன்ஸ்பெக்டர் எஃபியோங்கின் தொப்பை முதலில் அறைக்குள் வந்தது. அவர் பின்னால் வந்தார்.

"புதுசை விட்டுடுங்க மேடம். பழசையே ரெண்டு தடவை வாசிங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஓகா! ஐயா! அந்தம்மா புதுசைக் கேக்கத்தான் வந்திருக்காங்க. வாசிக்கலைன்னா நான் காலி!"

"வாசிச்சா விரல் காலி!"

அகலமான அங்கியைத் தோளில் மடித்துவிட்டபடி பேராசிரியர் பாய்ந்து வந்தார்.

"பொறாமை! என் இசையை நிறுத்தப் பாக்கறாங்க!"

"எழுதின பேப்பரை யார் யார் பாத்திருக்காங்க, சார்?"

"நானும் இபிடுனும்தான். என் பொண்டாட்டிகூடப் பாத்ததில்ல!"

"பொண்டாட்டி பாக்காததா? அப்ப ரகசியம்தான்."

அடுத்த இடி! மிரட்டல் சமாச்சாரம் காதில் விழுந்ததும், பக்கம் புரட்ட வந்திருந்த பெண் பின்வாசல் வழியாக ஓடியே போயிருந்தாள்.

"பீத்தோவன் எனக்கு மனப்பாடம்," என்றாள் இபிடுன். "புதுசுக்குப் பேப்பர் வேணும். ரெண்டு கையும் கட்டையில இருக்கும். யாராவது புரட்டியே ஆகணும்."

"நான் உக்கார்றேன். உங்களுக்குக் காவலும் ஆச்சு."

"இசை படிக்கத் தெரியுமா?"

"என் வீட்டுக்காரி எழுதற கடைச் சீட்டே எனக்குப் புரியாது, மேடம்!"

"சரி... நான் தலையாட்டுவேன். நீங்க புரட்டுங்க."

"இவ்வளவுதானா? வீட்டுல நான்தான் தலையாட்டுவேன். இன்னிக்கு ஒரு மாறுதல்!"

பீத்தோவன் பிழையில்லாமல் முடிந்தார். இடைவேளையும் முடிந்தது.

புது இசை தொடங்கியது. ஜெனரேட்டர் கிளம்புவது போல ஓர் உறுமல்... ஆணி மழை போல ஒரு படபடப்பு... திடீரென்று மௌனம்... மறுபடியும் உறுமல்!

பாவம், எஃபியோங்கின் ஒரு கண் கூட்டத்தில். ஒரு கண் இபிடுனின் தலையில். விரலெல்லாம் வியர்வை.

தலை ஆடியது.

புரட்டினார்.

இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டன!

இபிடுனால் நிறுத்த முடியாது. கண்ணெதிரே இருந்ததைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். நடுவில் இரண்டு பக்கம் போயே போச்சு!

அரங்கில் ஒருவர்கூட அசையவில்லை.

இல்லை... ஒருத்தி!

"ஐயோ!"

ஐந்தாம் வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலை நோக்கி ஓடினாள்!

எஃபியோங் கண்ணைக் காட்டினார். வாசலில் போலீஸ் மடக்கியது.

இசை முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பேராசிரியர் மேடையேறி இபிடுனின் கையைக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார்.

"பிரமாதம்! ஒரு ஸ்வரம் மாறலை. நான் எழுதினது எழுதினபடி!"

இபிடுனின் புருவம் சுருங்கியது.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணை மேடைக்கே இழுத்து வந்தார்.

"பேரு எபியெரே. சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவ. சாரோட பழைய மாணவியாம். போன் பண்ணதை ஒத்துக்கிட்டா!"

"எதுக்கும்மா ஐயோன்னு கத்தினே?" என்றாள் இபிடுன்.

"ரெண்டு பக்கம் விட்டுட்டீங்களே அக்கா! இடது கை மட்டும் தனியா அழற எடம்... அதுதான் அதுக்கு உயிரே!"

"பேப்பரையே பாக்காத உனக்கு அது எப்படித் தெரியும்?"

"எழுதினதே நான்தானே! திருத்தித் தாங்கன்னு சார்கிட்ட குடுத்தேன். தொலைஞ்சிடுச்சுன்னார். அப்புறம் போஸ்டரைப் பாத்தா அவர் பேரு! ஒருத்தரும் நம்பலை. மிரட்டினாலாவது நிக்கும்னு..."

"பொய்! கைவிலங்கு மாட்டுங்க!" பேராசிரியர் கத்தினார்.

முன்வரிசையில் மிஸஸ் ஜூபர்ட் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுவது தெரிந்தது. இப்போது வாயைத் திறந்தால் கேப் டவுன் போச்சு. மூடிக்கொண்டால்... நாளைக்கே விமானம்!

ஒரு நொடிதான்.

"சார்!" இபிடுனின் குரல் கடைசி வரிசைவரை போயிற்று. "நடுவுல ரெண்டு பக்கம் நான் வாசிக்கவேயில்ல. ஒரு ஸ்வரம் மாறலைங்கறீங்க?"

பேராசிரியர் ஓர் அடி பின்வாங்கினார்.

"உக்காரு எபியெரே. விட்டதை நீயே வாசி."

எபியெரே உட்கார்ந்தாள். பேப்பரைப் பார்க்கவேயில்லை. இடது கை மட்டும் அழுதது.

பேராசிரியர் திரைக்குப் பின்னால் நழுவினார்.

"ஓகா, அந்தப் பக்கம் வெறும் சுவர்தான்," என்றார் எஃபியோங். "வாங்க, என் ஜீப்ல ஏசி இருக்கு."

மிஸஸ் ஜூபர்ட் கைப்பையோடு மேடையேறி வந்தாள். பையைத் திறந்தாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"கேப் டவுனுக்கு நீதான் வாசிக்க வரணும், இபிடுன். இந்த இசையைத்தான். இந்தப் பொண்ணு பேர்ல."

எபியெரே இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஆனா... மிரட்டின கேஸு..."

"மிரட்டலா?" இபிடுன் சிரித்தாள். "ராங் நம்பர், ஓகா! யாரோ பல் டாக்டரைத் தேடியிருக்காங்க."

எஃபியோங் தொப்பியைக் கழற்றி மிஸஸ் ஜூபர்ட்டிடம் குனிந்தார்.

"மேடம், பக்கம் புரட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு ரெண்டா புரட்டினா... சீக்கிரம் சாப்பிடப் போயிடலாம்!"