கவிழ்த்துப் போட்ட பலகைகள்

தச்சன் லைல் டிரக்கை நிறுத்திவிட்டு இறங்கியபோது ஓர்வில் தோர்விக் வேலையைத் தொடங்கியிருந்தார். எழுபத்தைந்து வயது. சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். கையில், ஒரு முனை வளைந்து பிளந்த நெம்புக் கம்பி.

“நாளைக்கு ரெண்டு ஆளு அனுப்புறேன், பெரியவரே. மத்தியானத்துக்குள்ள இந்தத் தளத்தப் பிரிச்சுப் போட்டுருவாங்க. நீங்க காபி குடிச்சிக்கிட்டே குறை சொன்னாப் போதும்.”

“எங்க வீட்டுத் தளத்த எங்க வீட்டாளுதான் பிரிக்கணும்.”

“இடுப்பு பிடிச்சுக்கிட்டா? உங்கள நெம்பி எடுக்க இதவிடப் பெரிய கம்பி வேணுமே.”

ஓர்வில் சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை புதுப் பலகையோட வா” என்று மட்டும் சொன்னார். டிரக் பைன் மரங்களுக்குள் மறையும்வரை கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மினசோட்டாவின் வடக்கே, ஏரியைப் பார்த்து நிற்கும் வீடு அது. ஏரிப் பக்கத்து வாசலில் ஆளுயர மரத்தூண்கள்மேல் ஒரு தளம். அதன் பலகை ஒன்று போன வாரம் இற்று உடைந்து, தங்கை பெரித்தின் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கணுக்கால் சுளுக்கு. இனித் தளத்தை மாற்றாமல் இருக்க முடியாது. யார் மாற்றுவது, அந்தப் பலகைகளின் அடிப்பக்கத்தை யார் பார்ப்பது என்பதுதான் ஓர்விலின் கவலை.

பார்க்கக் கூடாதவள் பெரித். அவளோ சமையலறை ஜன்னலோரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்ப் பக்கத்துக் கடைசிப் பலகையிலிருந்து தொடங்கினார். பிளந்த முனையை ஆணித் தலைக்குக் கீழே செருகி, கம்பிக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். அறுபத்திரண்டு வருடத்து ஆணி வாய்விட்டுக் கத்திக்கொண்டே மேலே வந்தது.

பலகையைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார்.

மேலே பழுப்பு வர்ணம். அடியில் பழைய சாம்பல் வர்ணம். அதில் ஒரு வெறுங்காலின் தடம். இடது கால். சுண்டுவிரல் இல்லை.

பலகையை அப்படியே கவிழ்த்துப் புல்லில் போட்டார்.

ரக்னாவின் கால். அவருக்கும் பெரித்துக்கும் மூத்தவள். சின்ன வயதில் பனியில் விறைத்து அந்த விரல் போயிற்று. பத்தொன்பதாவது வயதில், ஒரு ஜூன் மாத ராத்திரி, அக்கரையில் நடந்த நடனத்துக்கு ஒரு கத்தோலிக்கப் பையனுடன் போனாள். அப்பா ஆல்ஃப் தோர்விக் லூத்தரன் சபையின் மூப்பர்; கத்தோலிக்கரோடு உறவே கூடாது என்பவர். அன்று மாலைதான் தளத்துக்குச் சாம்பல் வர்ணம் அடித்திருந்தார். இரண்டு கதவையும் தாழ் போட்டார். நடுராத்திரிக்கு மேல் படகு கரையில் இடித்தது. ஈர வர்ணத்தில் காலடிகள் ஒட்டி ஒட்டி வந்தன. மூன்று தட்டு. சற்று இடைவெளி விட்டு, ஒரு தட்டு. ரக்னாவின் வழக்கம் அது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பதிமூன்று வயது ஓர்விலைப் பார்த்து, அசையாதே என்று அப்பா விரலை உயர்த்தினார்.

விடியலில் படகு ஆளில்லாமல் நடு ஏரியில் மிதந்தது.

வர்ணத்தில் வாசலுக்கு வந்த தடமும் இருந்தது, தண்ணீருக்குத் திரும்பிய தடமும் இருந்தது. ஓர்வில் தன் கண்ணால் பார்த்தார். அப்பா பலகைகளை எரித்திருக்கலாம். ஆனால் அவை நல்ல தேவதாருப் பலகைகள். நல்ல மரத்தை வீணாக்குவது தோர்விக் குடும்பத்தில் கிடையாது. ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கவிழ்த்துப் போட்டு அதே ஆணிகளை நிமிர்த்தி அடித்தார். மேலே பழுப்பு வர்ணம் பூசினார். ரக்னா அந்தப் பையனோடு சிகாகோவுக்கு ஓடிவிட்டாள் என்று சபையில் சொன்னார். அந்தப் பையனும் அதற்குப் பிறகு கண்ணில் படாததால் ஊர் நம்பியது. அப்போது ஏழு வயதாயிருந்த பெரித் இன்னும் நம்புகிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சமையலறை மேசையில் அக்காவுக்கு ஒரு தட்டு வைக்கிறாள்.

இரண்டாவது பலகை வந்தது. மூன்றாவது வந்தது. பத்தாவதும் வந்தது. ஒவ்வொன்றிலும் விரல்கள் வீட்டைப் பார்த்து இருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றில்கூட இல்லை.

ஓர்வில் நிமிர்ந்து நின்றார். ஏரியில் காற்று நிலைகொள்ளாமல் திசை மாற்றிக்கொண்டிருந்தது. கவிழ்த்துக் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி பார்த்தார். வந்த தடம் மட்டும்தான். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கோ பாசி மணமும் புது வர்ணத்தின் எண்ணெய் வாடையும் மூக்கில் ஏறின.

கையைப் பார்த்தார்.

உள்ளங்கையில் சாம்பல் வர்ணம். ஈரமாக.

“அண்ணே!” ஜன்னலிலிருந்து பெரித் கூப்பிட்டாள். “பலகைய எல்லாம் ஏன் கவுத்துக் கவுத்துப் போடுற? அடியில என்ன, புதையலா?”

“ஆணி நீட்டிக்கிட்டிருக்கு.”

“ஆணியத்தான் எல்லாம் பிடுங்கிட்டியே? போய்ப் போய் வேற அதையே தூக்கிப் பாக்குற. காபி ஆறுது, வா.”

அவர் போகவில்லை. கைகளைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். கம்பியைச் செருகு. அழுத்து. தூக்கு. கவிழ். ஆணிகளின் கத்தலுக்கு நடுவே வேறொரு சத்தமும் கேட்டது. அவர் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போதெல்லாம், அதற்கு நேர் அடியில், ஈர வர்ணத்திலிருந்து கால் பிய்த்து எடுக்கப்படும் சத்தம்.

குனிந்து பார்த்தார். கீழே தூண்களும் காய்ந்த இலைகளும்தான்.

அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

அதுவும் நகர்ந்தது.

உள்ளங்காலோடு உள்ளங்கால் வைத்து, நடுவே ஒரு பலகை மட்டும் இருக்க, யாரோ தலைகீழாகத் தன்னோடு நடக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கவிழ்த்துப் போட்டாலும் அவள் தன் பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். போன தடம் இல்லை. அப்படியானால் அவள் போகவில்லை.

பிற்பகலில், கதவை ஒட்டிய ஒரு பலகை மட்டும் மிஞ்சியது. ஏணியைச் சுவரில் சாய்த்து, அதில் நின்று நெம்பினார். கடைசி ஆணி கத்திக்கொண்டு வந்தது. பலகை அவர் பிடியிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்து, மல்லாந்தது. இரண்டு தடங்கள், பக்கம் பக்கமாக. விரல் நுனிகள் வாசலைத் தொட்டிருந்தன. வெயிலில் ஈரம் பளபளத்தது.

இப்போது கதவுக்கு வெளியே நிற்க இடமே இல்லை. ஆளுயரப் பள்ளம்.

மூன்று தட்டு.

சற்று இடைவெளி.

ஒரு தட்டு.

கதவு அவர் முகத்துக்கு எதிரேதான் இருந்தது. தட்டுவதற்கு அங்கே கை இல்லை. கதவுப் பலகை மட்டும் அதிர்ந்தது.

“அண்ணே… நீயா தட்டுன?” உள்ளே பெரித்தின் குரல் தாழ்ந்திருந்தது.

நொண்டிக்கொண்டு வரும் காலடி. தாழ் விலகும் சத்தம். கதவு உள்பக்கமாகத் திறந்தது. பெரித் ஏணியில் நிற்கும் அண்ணனைப் பார்த்தாள். பிறகு அவருக்குக் கீழே, புல்லில் மல்லாந்து கிடக்கும் பலகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அது யாரு காலு?”

“பெரித்…”

“சுண்டுவிரல் இல்ல. யாரு காலுன்னு கேட்டேன்.”

அறுபத்திரண்டு வருடம் நிமிர்ந்தே நின்ற முதுகு ஏணியில் வளைந்தது. அவர் சொன்னார். படகு, வர்ணம், தட்டல், அப்பாவின் விரல். எதையும் விடவில்லை. பெரித் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நான் தட்டு வச்சுக்கிட்டே இருந்தேன்” என்றாள். “நீ எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே இருந்த.”

“குடும்ப மானம்னு அப்பா…”

“அப்பா செத்து நாப்பது வருஷமாச்சு, ஓர்வில்.”

அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அவரைத் தாண்டி, வெற்று வெளியைப் பார்த்து, கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வாக்கா” என்று மெல்லச் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை. ஏரி மணம் மட்டும் ஒரு மூச்சாக வீட்டுக்குள் போனது. பெரித் கதவைச் சாத்தவில்லை. பின்வாசல் வழியாக நொண்டி வந்து, புல்லில் அந்தப் பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஓர்வில் பக்கத்தில் போனார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பியை அதன் இடத்தில் மாட்ட அவர் நிலவறைக்குள் இறங்கினார். எதை எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே வைத்தாக வேண்டிய மனிதர். சமையலறைக்கு நேர் அடியில் இருந்தது அந்த அறை. தலைக்குமேல் சமையலறைத் தரைப் பலகைகளின் அடிப்பக்கம். சிறு ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்தது. புல்லில் உட்கார்ந்திருக்கும் பெரித்தின் முதுகு அதில் தெரிந்தது.

வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தார். சாம்பல் நிறம்.

அண்ணாந்து பார்த்தார்.

தரைப் பலகைகளின் அடிப்பக்கத்தில், வாசல் பக்கத்திலிருந்து ஈரச் சாம்பல் காலடிகள் வந்திருந்தன. இடது, வலது, இடது. அடுப்பைத் தாண்டி, மேசை இருக்கும் இடத்துக்கு. அங்கே, அவர் தினமும் உட்காரும் நாற்காலிக்கு எதிரே, இரண்டும் சேர்ந்து நின்றிருந்தன.

மேலே ஒரு நாற்காலி மெதுவாகப் பின்னுக்கு இழுபட்டது.

பிறகு, அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்து மேசையில் வைக்கும் சத்தம்.

ஒன்று.

இரண்டு.