கிணற்று மணல் நுரைக்கவில்லை

பிணம் மிதந்தது.

வடக்கனந்தலில், சொந்தக் கிணற்றில்.

ஆகாஷ். வயது இருபத்தாறு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள கடலடி மணலை ஆராய்ந்தவன். ஐந்து வருடத்தில் அவன் சேர்த்த சொத்து, நாற்பது கிலோ மணல்.

"தற்கொலை," என்றார் இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம். எழுதுவதற்கு அதுதான் சுலபம்.

ஆகாஷின் அம்மா விஜயலட்சுமி மறுக்கவில்லை. அதுதான் கொடுமை!

"முந்தாநாள் சாயந்தரம் போன் போட்டு பத்து நிமிஷம் திட்டுனங்க சார். மண்ணு அள்றதுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ படிப்புன்னு கேட்டன். புள்ள ஒரு வார்த்த பேசல. கேட்டுக்கினே இருந்தான். நான்தான் கொன்னுட்டன்..."

எழில்மதி பிணத்தருகே குனிந்தாள். ஆகாஷுக்கு நிச்சயமானவள். அதே ஆய்வகம்.

அவன் காதுக்குள் வெள்ளையாக ஏதோ...

கைக்குட்டையில் எடுத்தாள். பாத்ரூம் கழுவும் ஆசிட் கேட்டாள். இன்ஸ்பெக்டர் பதறினார்.

"குடிக்க இல்ல சார்."

கிணற்று மணலில் ஒரு சொட்டு. கல்வராயன் மலைப்பாறை உடைந்து வந்த மணல். சும்மா கிடந்தது.

காதிலிருந்த மணலில் ஒரு சொட்டு.

நுரைத்தது!

"பவளம் உடைஞ்ச மணல் சார். அத்தனையும் சுண்ணாம்பு. இது கடலுக்கு அடியில கெடக்கறது. அவரு செத்தது இந்தக் கெணத்துல இல்ல."

கடலுக்கு எப்போதும் அவனோடு போகிறவன் ஒருவன்தான். அறைத்தோழன் தீனதயாளன். காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்த நாற்காலி நழுவியது.

இன்ஸ்பெக்டர் நெருங்கினார். கேட்பதற்கு முன்பே அவன் கொட்டிவிட்டான். அனுமதி வாங்காமல் போன முக்குளிப்பு. ஆகாஷ் அடியில், மணல் எடுக்க. இவன் படகில், கயிற்றைப் பிடித்தபடி. கயிறு மூன்று முறை இழுபட்டால் மேலே தூக்க வேண்டும். தூக்கவில்லை. பயத்தில் உடலைக் காரில் கொண்டுவந்து கிணற்றில் போட்டுவிட்டான்.

"ஏன் தூக்கல?" என்றாள் எழில்மதி.

தீனதயாளன் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினான்.

"அவன் போன் அடிச்சிது, எழிலு. கயித்த கால்ல மிதிச்சிக்கினு எடுத்தன். அவங்கம்மா. எடுத்த ஒடனே திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. நான் ஆகாஷ் இல்லன்னு சொல்லவே வுடல. பெரியவங்க திட்டும்போது எப்பிடி கட் பண்றது? நின்னு கேட்டுக்கினு இருந்தன்... பத்து நிமிஷம்."



"இன்னா சொல்றான்?" என்றாள் விஜயலட்சுமி.

எழில்மதி அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க திட்டுனது அவரு காதுல வுழவே இல்ல அத்த. அப்ப தண்ணிக்குள்ள இருந்தாரு. ஒரு வார்த்தகூட கேக்கல."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டருக்குப் பாம்புக் காது. எல்லாமே கேட்டுவிட்டது. படிவத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். கவனம் எதனால் குறைந்தது என்று எழுத அதில் கட்டமே இல்லை.

அரசாங்கப் படிவம் ஒரு தாய்க்கு உதவியது, அந்த ஸ்டேஷன் வரலாற்றில் அதுதான் முதல் முறை.