வேறு பெயர்: ஜலஜா

ஜலஜா காலமாகி ஒன்பது வருடம் ஆகிறதென்று ரிப்போர்ட்டில் வந்திருந்தது. ஜலஜாவோ அப்போதுதான் இரண்டாவது டோஸ் காபியைக் கலந்துகொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

டெல்லி மயூர் விஹாரில் மூன்றாம் மாடி ஃப்ளாட். ஜனவரி மூடுபனி ஜன்னலில் அழுக்குத் துணி போல ஒட்டிக்கொண்டிருந்ததால் காலையிலேயே ட்யூப்லைட் எரிந்தது. மறுநாள் வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை. ஷ்வேதாவின் கல்யாணத்துக்கு முன்னால், இந்தக் குடும்பத்தில் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மணையில் புடவை வைத்து, இலை போட்டுப் பரிமாறும் நாள். சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்க வம்சாவளிப் புத்தகம் ஒன்றும் போட்டுவிடலாமென்று அதற்கான சாஃப்ட்வேரை வாங்கியது ஜலஜாதான். யாரும் கேட்கவில்லை. இரண்டாம் தாரமாக வந்தவர்களுக்கு இப்படிச் சில உற்சாகங்கள் உண்டு.

கணவர் சுந்தரேஷின் முதல் மனைவி பிறந்த வீட்டில் ஜ்யோத்ஸ்னா, புகுந்த வீட்டில் அனந்தலக்ஷ்மி. டெங்குவில் அவள் போன மறுவருடம் ஜலஜா வந்தாள். தாலி ஏறிய கையோடு அத்தை ஒருத்தி, "இந்தாத்து நாட்டுப்பெண்ணுக்கு இதான் பேர்" என்று அதே அனந்தலக்ஷ்மியை இவளுக்கும் சூட்டிவிட்டாள். பீரோ, கட்டில், குக்கர் எல்லாமே மூத்தவளுடையது. பேர் மட்டும் புதிதாகக் கிடைத்துவிடுமா என்ன? மூத்தவள் பெற்ற ஷ்வேதாவுக்கு ஜலஜா இன்றுவரை 'ஆன்ட்டி'தான்.

ரிப்போர்ட்டில் புகுந்த வீட்டுப் பெயரை முதலில் போடச் சொன்னதும் சுந்தரேஷுக்குப் பக்கத்தில் இரண்டு அனந்தலக்ஷ்மிகள் வந்து நின்றார்கள். இருவரும் ஒருவரே போலிருக்கிறது, சேர்த்துவிடலாமா என்று சாஃப்ட்வேர் பணிவாகக் கேட்டது. ஜலஜா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். புத்தகத்தில் ஒரே மனைவி. ஷ்வேதாவுக்கு ஒரே அம்மா. நினைக்கும்போதே தித்தித்தது. ஆம் என்று அழுத்தினாள்.

அதன் பலன்தான் இது. அனந்தலக்ஷ்மி. பிறந்த பெயர் ஜ்யோத்ஸ்னா. வேறு பெயர் ஜலஜா. கீழே மறைந்த தேதி.

தேதியை அழித்தாள். மறுபடி ரிப்போர்ட்டைத் திறந்தாள். தேதி இருந்தது. சேர்த்ததைப் பிரிக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுந்தவில்லை.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் பாருங்கோளேன்."

சோபாவில் சுந்தரேஷ் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முதல் கூப்பாட்டுக்கு அவர் நிமிர்ந்ததாகச் சரித்திரமே இல்லை என்பதால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காலடியில் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தும் பாதம் சூடேறவில்லை. காபியின் மேல் ஏடு படிந்திருந்தது. சமையலறைப் பக்கமிருந்து, காயாத பருத்திப் புடவையின் ஈர நெடியும், அதற்கடியில் மெல்லிய சந்தனப் பவுடர் வாசனையும், திரைச்சீலை அசையும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தன. மூத்தவளின் பவுடர் அது. குடிவந்த முதல் வாரமே அந்த டப்பாவைக் குப்பையில் போட்டவள் ஜலஜாதான்.

அழைப்பு மணி. இஸ்திரிக்கார பையா. பல வருடமாக இந்த ப்ளாக்குக்கு வருகிறவன். துணிமூட்டையோடு நின்றவன் முகமெல்லாம் மலரச் சிரித்தான்.

"அரே பாபிஜி! பஹுத் தின் பாத்! தபியத் டீக் ஹோ கயி?"

ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கிறேன், உடம்பு சரியாகிவிட்டதா என்கிறான். நேற்றுத்தானே வந்தான்? ஜலஜா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவன் பார்வை அவள் மேல் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

மூட்டையை அவளைத் தாண்டி நீட்டினான்.

வளையல் சத்தம். மூட்டை அவன் கையிலிருந்து போய்விட்டது.

ஜலஜா திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

"அம்மா!" உள்ளறையிலிருந்து ஷ்வேதா. "என் சார்ஜர் எங்க வச்சே?"

அம்மா. இந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு பாயசம், எவ்வளவு பரீட்சைக் காலத்துக் காபி.

"இதோ வரேண்டி கண்ணா."

அது ஜலஜா சொன்னதல்ல. சமையலறையிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு அந்த நாள் எப்படிப் போயிற்றென்று அவளுக்குத் தெரியாது. மூடுபனி மட்டும் இருந்தது. அப்புறம் அடுத்த பகலாக இருந்தது. பூஜையறை வாசலில் சுந்தரேஷ் நின்று, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆன்ட்டியும் உண்டாம்மா?" ஷ்வேதா கிசுகிசுத்தாள்.

"உண்டு. அவளும் இந்தாத்து நாட்டுப்பெண்தானே, பாவம்."

"ஜலஜா," என்றார் சுந்தரேஷ். "வாம்மா."

இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போகக்கூடாது என்றிருந்தது. கால் போயிற்று.

மணையில் புடவை. அவளுடைய அரக்குக் கூறைப்புடவை. பக்கத்தில் நுனி இலை. குனிந்து அன்னம் வைத்த கையில் சந்தனப் பவுடர் மணத்தது. மணிக்கட்டில் ஜலஜாவின் வளையல்கள்.

"கதவைச் சாத்துங்கோ. அவா சாப்பிடட்டும்."

"ஷ்வேதா!" என்று கத்தினாள். யாரும் நின்றுகூடக் கேட்கவில்லை.

கதவு சாத்தப்பட்டது.

இருட்டு. ஈரப் பருத்தி. இடப்பக்கம். வலப்பக்கம். எதிரே.

இலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு மட்டும். மெல்ல நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி மட்டும் அருகில் சாய்ந்தாள்.

"உனக்கு எந்தப் பேரை விட்டு வச்சாடி?"

ஜலஜா வாயைத் திறந்தாள். ஒரு பேரும் வரவில்லை.

எல்லாக் கைகளும் ஒன்றாக இலையை நோக்கி நீண்டன. அவளுடையதும்.