மெர்வ் நகரத்து அழைப்பு

பதிவில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. விக்னராஜா ஹெட்போனை அழுத்திப் பிடித்துத் திரும்பக் கேட்டார். அவருடைய மூச்சல்ல. வாயைக் கையால் பொத்திக்கொண்டு விடுகிற சின்ன மூச்சு.

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கிரவீன் என்ற ஊரில், வீட்டின் பின்னறையில், தமிழ் வானொலிக்காகப் பழங்கால மெர்வ் நகரத்தின் கதையை அவர் பதிவு செய்துகொண்டிருந்தார். குளிர்காலம், ஐந்து மணிக்கே வெளியே மங்கிவிட்டது. குசினியிலிருந்து வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. ஆற்றுநீரை வாய்க்காலில் கொண்டுவந்து பாலைவனத்தில் எழுப்பிய ஊர், ஒட்டகங்களில் பட்டு வந்திறங்கிய சந்தைகள், நூலகங்கள் என்று பெருமையோடுதான் வாசித்தார். மங்கோலியப் படை அதை அழித்ததையும் வாசித்தார். தப்பி ஒளிந்தவர்களைப் பிடிக்கப் படை திரும்பி வந்ததாம். ஒருவனைத் தொழுகைக்கு அழைக்க வைத்ததாம். குரலை நம்பி மறைவிடங்களிலிருந்து வெளியே வந்தவர்களை வெட்டியதாம். அந்த இடத்தில் வாசிப்பைச் சற்று நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில்தான் மூச்சு.

"இஞ்சேருங்கோ, ஆரை வெளியில வரச் சொல்லுறியள்?" குசினியிலிருந்து மனைவி சத்தியபாமா கேட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"இப்பதானே கூப்பிட்டனீங்கள். பயப்பிடாமல் வாங்கோ எண்டு."

முப்பது வருடங்களுக்கு முன், முதுகில் சிப்பாயின் துவக்கு முனை அழுத்த, ஊரில் ஒலிபெருக்கி பிடித்து அவர் சொன்ன அதே சொற்கள். தங்கள் பள்ளிக்கூட வாத்தியாரின் குரல் என்று நம்பிப் பதுங்குகுழிகளிலிருந்து வந்தார்கள். வந்தவர்களில் ஒருவரும் உயிரோடு மிஞ்சவில்லை. தான் அன்று ஊரிலேயே இல்லை என்றுதான் சத்தியபாமாவிடம் சொல்லியிருந்தார்.

பலகைத் தரைக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. இரவில் நடமாடும் போசம் என்ற சிறு மரவிலங்காக இருக்கலாம். முழங்கால் மண்ணில் உரசும் சத்தம். இன்னொன்று. பிறகு பல. கிளறிய மண்ணின் வாடை வெங்காய மணத்தை மூடியது.

ஹெட்போனைக் கழற்றினார். குரல் நிற்கவில்லை. அவருடைய குரல். இளமையாக, கனிவாக.

"பயப்பிடாதேங்கோ. வெளியில வாங்கோ."

வராதேங்கோ என்று கத்த வேண்டும். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அன்றும் வரவில்லை.

யன்னல் திரையை விலக்கினார்.

பின்வளவு நிறைய மனிதர்கள். வேலி வரைக்கும். வேலிக்கு அப்பாலும். நீண்ட அங்கி அணிந்த அந்நியர்கள். அவர்களுக்கு நடுவே, ஊர் வகுப்பறையில் அவர் பெயர் சொல்லி இடாப்புக் கூப்பிட்ட பிள்ளைகள். முன்வரிசையில், கரண்டியும் கையுமாக, சத்தியபாமா.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வதற்காக, நம்பிக்கையோடு காத்து நின்றார்கள்.