வாசல் மெய்விளக்கு

ஓட்டுப் போட வரச்சொல்லி வீடு வீடாகப் போகும் பவளக்கொடி ஒரு பேச்சை மட்டும் வாயில் வரவிடுவதே இல்லை. 'போயிட்டு வாரேன்' என்பதுதான் அது. திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் அதைச் சொன்னால், கதவுக்கு மேலே இருக்கும் மெய்விளக்கு சிவந்துவிடும். அதற்காக ஒரு வாசலில் நின்று 'போறேன்' என்றா சொல்ல முடியும்? கும்பிட்டுவிட்டு நழுவிவிடுவாள்.

போலிக்குரல் மோசடிகள் ஊரையே மொட்டையடித்த பிறகு வந்தது அந்த விளக்கு. குரலின் நடுக்கத்தை அளக்கும். மனமறிந்த பொய்யென்றால் சிவப்பு, மெய்யென்றால் பச்சை. இனிமேல் சந்தேகம் ஒழிந்தது என்று வீட்டுக்கு வீடு மாட்டினார்கள். எங்கே ஒழிந்தது? முன்பு முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் இப்போது விளக்கைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

விடிந்தால் வாக்குப்பதிவு. பாதிப் பேராவது வாக்களிக்காத வட்டத்துக்குக் கவுன்சிலர் கிடையாது. ஆள்கணி என்னும் இயந்திரம்தான் ஐந்து வருஷம் ஆளும். பக்கத்து வட்டத்தில் அது செய்த முதல் காரியம், போதிய பிரசவம் இல்லையென்று ஆஸ்பத்திரியை மூடியது. பவளக்கொடியின் மகளுக்கு இது எட்டாம் மாதம்.

அவள் பொறுப்பெடுத்துக்கொண்டது உப்பளக் குடியிருப்பு. பாதியைத் தொட அங்கிருந்து முப்பது பேராவது வர வேண்டும். ஞானதிரவியம் அசைந்தால்தான் அங்கே மற்றவர்கள் அசைவார்கள். அவரோ சொந்த நிழலிடமே அடையாள அட்டை கேட்கிற ஆள்.

கதவு ஒரு சாண் திறந்தது. "உன்னய யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல அண்ணாச்சி. நானாத்தான் வாரேன்."

பச்சை.

"எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல." பச்சை.

"பெறகு உனக்கு என்ன லாபம்?"

"எம்மவளுக்கு எட்டு மாசம். நம்ம ஆஸ்பத்திரி இருக்கணும்." பச்சை.

அவர் கண் விளக்கை விட்டு இறங்கவே இல்லை. "என் ஒரு ஓட்டுல ஆஸ்பத்திரி தங்கிருமாக்கும்?"

தங்கும் என்றால் சிவக்கும். "தெரியாது அண்ணாச்சி," என்றாள். பச்சைதான். ஆனால் இப்படி உண்மையையே பேசி எவரை வாக்குச்சாவடிக்கு இழுக்க முடியும்?

"இந்தத் தடவை வாக்குச்சாவடியிலயும் மெய்விளக்கு வச்சிருக்காவ. கள்ள ஓட்டே விழாது," என்று எடுத்துவிட்டாள். பச்சை. சொல்லும்போது அவளுக்கே பெருமையாக இருந்தது.

அவர் கொஞ்சம் இளகியது போலிருந்தது. "சரி சரி, நாளைக்கு வாரேன். நீ போ."

சிவப்பு.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் வெட்கப்படவில்லை. தப்பித்த நிம்மதிதான் முகத்தில் தெரிந்தது. "பாத்தியா, விளக்கே சொல்லிட்டு. நான் வரமாட்டேன்."

பவளக்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் பழைய பழக்கம் வாயில் வந்துவிட்டது. "சரி, போயிட்டு வாரேன்."

சிவப்பு.

"நீயுந்தானா," என்று கதவைச் சாத்தினார் ஞானதிரவியம்.

மறுநாள் மாலை நான்கு மணி. தானாக வருகிறவர்களெல்லாம் வாக்களித்து முடித்தாயிற்று. இன்னும் முப்பது பேர் குறைந்தது. பவளக்கொடி மறுபடியும் அதே கதவைத் தட்டினாள்.

"நேத்து வாரேன்னு சொன்னேன். உங்க விளக்கு பொய்யின்னுச்சு. வந்துட்டேம்லா?"

ஞானதிரவியம் முதல் முறையாக விளக்கை விட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

இந்த மனுஷனே போகிறாரென்றால் விஷயம் இல்லாமலா என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பவளக்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாக்களிக்கும் முன் ஓர் உறுதிமொழி உண்டு. ஐம்பது வருஷமாக எல்லாரும் முணுமுணுத்துவிட்டுப் போகிற வாசகம். பொருளை யார் கவனித்தார்கள்? சாவடியில் அந்த முப்பது பேரில் முதல் ஆளாக ஞானதிரவியம் அட்டையைப் பார்த்துப் படித்தார்.

"எவருடைய தூண்டுதலும் இன்றி, நானாகவே வாக்களிக்க வந்திருக்கிறேன்."

புது விளக்கு பளிச்சென்று சிவந்தது.

"பொய் உறுதிமொழி. உங்க ஓட்டு செல்லாது. அடுத்த ஆள் வாங்க," என்றார் அதிகாரி.

ஞானதிரவியம் மெல்லத் திரும்பினார். "இதுக்குத்தான் கூட்டியாந்தியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணாச்சி!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்தார். அது பச்சையாகத்தான் எரிந்தது.

வரிசையில் மீதிப் பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தானாக வந்தவர் இல்லை.